கங்காணியின் கண்ணும் மனச்சிதைவும்

'கங்காணி' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. கண்காணிக்கிறவர் என்பதுதான் அதன் பொருள். மலையகத்தில் 1867ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போடுறதுக்கு முன்னாலேயே, கோப்பிக் காலத்திலேயே இந்த ஆள் வந்துட்டார். காலையில பெரட்டுக் களத்தில் தலை எண்ணுவாங்க. மலையில நிரை பிடிச்சா பின்னால கங்காணி, அவருக்கு மேல கணக்கப்பிள்ளை, அதுக்கும் மேல துரை. வேலை முடிஞ்சு லயத்துக்கு வந்தாலும் ஒத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தர் "எல்லாரும் என்னையே பாக்குறாங்க" என்று சொன்னா அதை என்னன்னு எடுத்துக்கிறது?

மனச்சிதைவு நோயில் பார்வையை உணர்வது பற்றி உளவியலாளர்கள் பல சோதனைகள் செய்திருக்காங்க. முகப் படங்களைக் காட்டி, "இவர் உங்களைப் பார்க்கிறாரா?" என்று கேட்பாங்க. கண் சற்று விலகியிருக்கும் படங்களுக்கும் நோயுள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகமா "ஆமா" சொல்றதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கு. அடுத்தவர் மனசில என்ன ஓடுதுன்னு ஊகிப்பதும் அவர்களுக்குக் கஷ்டமாகுது. அதனால சாதாரணமா திரும்பிப் பார்த்ததுகூட மிரட்டலாத் தெரியலாம். கங்காணி முறைதான் நோயைக் கொண்டுவந்தது என்று இதை வச்சுச் சொல்ல முடியாது. ஆனா பயத்துக்கு உருவம் கொடுப்பது வாழும் இடமும் காலமும்தான். ஒரு ஊரில் இரகசியப் பொலிஸ், இன்னொரு ஊரில் தொலைக்காட்சி.

அரசும் நோயாளியைக் கண்காணிக்க வேண்டிய ஆளாகத்தான் முதலில் பார்த்தது. 1873ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவரை அடைத்து வைப்பதை நீதிமன்ற விசாரணை தீர்மானித்தது. தானாக வந்து சேரும் வழி 1956 திருத்தத்தோடுதான் திறந்தது. பெரிய ஆஸ்பத்திரி இருந்த அங்கொடயோ ஹட்டனிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல.

1979ல் நான்சி வாக்ஸ்லர் ஒரு ஆய்வை வெளியிட்டார். இலங்கையில் முதன்முறை அனுமதிக்கப்பட்ட 44 மனச்சிதைவு நோயாளிகளை 5 வருஷம் கழித்துப் பார்த்தால், பலர் நல்லா இருந்தாங்க. குடும்பமும் ஊரும் 'இவர் இனி நோயாளிதான்' என்று முத்திரை குத்தாமல் பழைய இடத்தைத் திருப்பிக் கொடுத்ததே காரணம் என்பது அவர் வாதம்.

இதைத் தோட்டத்தில் பொருத்திப் பார்த்தால்தான் சிக்கல் தெரியுது. வயல்காட்டில் ஒருத்தர் மெதுவா வேலை செஞ்சா குடும்பம் சமாளிக்கும். இங்கே கொழுந்து கிலோ குறைஞ்சா அரைப் பேர். பழைய மனநோய் மருந்துகளில் கை நடுக்கமும் உடல் இறுக்கமும் வரலாம். கை நடுங்கினா கொழுந்து குறையும், அதனால மருந்தை நிறுத்தத் தோணும், நிறுத்தினா நோய் திரும்பும். கிளினிக்குக்குப் போற நாளுக்கும் சம்பளம் போகும்.

அதனால "பேய் பிடிச்சிருச்சு", "லூசு" என்ற பேச்சை நிறுத்தச் சொல்றது மட்டும் போதாது. மருந்து எடுக்கிறவருக்கு முழுப் பேர் போடுவது பற்றியும் நம்ம தொழிற்சங்கங்கள் பேசணும்.