காதருகே ஒரு மல்லாட்டை

வேப்பூர்ப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பேர். மணிலாக் கொட்டை என்பது பேச்சில் தேய்ந்து அப்படி ஆனது. சந்தையில் வெறும் மணிலா. களத்தில் காயும் காயில் ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்ப்பார்கள். உள்ளே பருப்பு கலகலவென்று ஓடினால் காய்ச்சல் சரி. சத்தம் மந்தமாக வந்தால் இன்னும் இரண்டு வெயில் வேண்டும். உணவுப் பாதுகாப்பில் முன்னெச்சரிக்கைக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று ரோமிலும் ஜெனீவாவிலும் நடந்த நெடிய வாதத்தின் ஒரு நுனி இந்தக் காதருகே இருக்கிறது.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்து விழுந்தன. என்ன நோய் என்று தெரியாததால் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றார்கள். தேடிப் போனபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூசணம் இருந்தது. அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற அந்தப் பூசணத்தின் பேரைச் சுருக்கி, அது சுரக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டார்கள். நம் நாட்டில் பாடம் இன்னும் கொடுமையாக வந்தது. 1974இல் அறுவடை நேரத்து மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்ற குஜராத், ராஜஸ்தான் பழங்குடிக் கிராமங்களில் ஈரல் பாதித்து 106 பேர் இறந்தார்கள். மக்காச்சோளம் வேப்பூர் வட்டாரத்தின் முக்கியப் பயிர் என்பதால் இதை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி முன்னெச்சரிக்கைக்கு வருவோம். 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் சுகாதார ஒப்பந்தத்தில் 5.7 என்று ஒரு பிரிவு உண்டு. அறிவியல் சான்று போதாத நிலையில், கையில் இருக்கும் தகவலை வைத்து ஒரு நாடு தற்காலிகமாகத் தடை போடலாம். நியாயமான காலத்துக்குள் மேலும் தகவல் தேடித் தடையை மறுபரிசீலனை செய்தாக வேண்டும். ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாட்டிறைச்சி குறித்து அந்த அமைப்பில் நடந்த வழக்கில் ஐரோப்பியர்கள் முன்னெச்சரிக்கையைத் தனிக் கோட்பாடாகவே முன்வைத்தார்கள். அந்தக் கோட்பாடு 5.7இல் பிரதிபலிக்கிறது, ஆனால் இடர் மதிப்பீடு செய்யும் கடமையிலிருந்து அது யாரையும் விடுவிக்காது என்று 1998இல் மேல்முறையீட்டு அமைப்பு சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் தன் 2002ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தில் அதை எழுதி வைத்துக்கொண்டது. உலக உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணையம் பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2003இல் முன்னெச்சரிக்கை இடர்ப் பகுப்பாய்வோடு பிறந்த கூறு என்று எழுதியது. ‘கோட்பாடு’ என்ற சொல் மட்டும் கழன்று விழுந்தது. நம் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவும் ஐயம் தீராதபோது தற்காலிக நடவடிக்கைக்கு இடம் கொடுக்கிறது.

இந்தச் சட்ட வாசகங்களைப் படிக்கிறவர்கள், அறிவியல் தடுமாறும் இடத்தில்தான் முன்னெச்சரிக்கை நுழைகிறது என்று நினைப்பார்கள். மல்லாட்டை விஷயத்தில் அறிவியல் தடுமாறவில்லை. இந்த நஞ்சு ஈரல் புற்றுநோயைத் தரும் என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. முன்னெச்சரிக்கை ஒளிந்திருக்கும் இடம், எவ்வளவு நஞ்சுவரை அனுமதிப்பது என்ற எண்.

1997இல் உலக உணவு, சுகாதார அமைப்புகளின் கூட்டு நிபுணர் குழு இந்த நஞ்சுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதையும் சொல்ல மறுத்தது. முடிந்தவரை குறையுங்கள் என்றது. முடிந்தவரை என்றால் யாரால் முடிந்தவரை? மேலும் பதப்படுத்தப் போகும் கடலைக்குக் கோடெக்ஸ் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் என்று வைத்தது. நேரே வாயில் போடும் கடலைக்கு ஐரோப்பா 4 என்றது. பத்து டன் லாரி ஒன்றைக் கணக்குப் போட்டால் கோடெக்ஸ் அனுமதிப்பது 150 மில்லிகிராம், ஐரோப்பா அனுமதிப்பது 40 மில்லிகிராம். இரண்டுமே விரல் நுனியில் அடங்கும். ஐரோப்பிய அளவால் ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஆண்டுக்கு 67 கோடி டாலர் ஏற்றுமதி இழப்பு, அதனால் தப்பும் உயிர் நூறு கோடிப் பேரில் ஒன்றரைகூட இல்லை என்று 2001இல் உலக வங்கி ஆய்வாளர்கள் கணித்தார்கள். இழப்பு மிகைப்படுத்தப்பட்டது என்று பின்னால் வாதம் எழுந்தது. எழட்டும், கேள்வி செத்துப்போகவில்லை.

சோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. நஞ்சு மூட்டை முழுக்கச் சீராகப் பரவியிருக்காது. ஆயிரக்கணக்கான பருப்பில் ஒன்றிரண்டில் மொத்தமாகக் குவிந்திருக்கும். அந்தப் பருப்பு மாதிரியில் விழுந்தால் சரக்கு திரும்பும், விழாவிட்டால் கப்பலேறும். எத்தனை கிலோ மாதிரி, எத்தனை முறை சோதனை என்ற விதிக்குள் மறைந்திருக்கும் முன்னெச்சரிக்கை, 15, 4 என்ற எண்களில் இருப்பதற்குக் குறைவில்லை.

களத்துக்குத் திரும்புவோம். காய் முற்றும் வாரங்களில் மழை பொய்த்து மண் கொதித்தால் பூசணம் மண்ணுக்குள்ளேயே ஏறிவிடும். அதை விவசாயி என்ன செய்ய? பறித்த பிறகு நடப்பதுதான் கைக்கு எட்டும் பகுதி: மண் தரையில் கொட்டாமல் தார்ப்பாயில் காய வைப்பது, மண்வெட்டி பட்டுக் கீறிய காயையும் பொக்கையும் பிரித்துப் போடுவது, ஈரம் 8 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகு மூட்டை கட்டுவது. விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. ரகங்கள் ஊரெல்லாம் பரவியிருக்கின்றன. ரகம் நல்லதாக இருந்தால் போதுமா? உடைக்கும்போது பருப்பு நொறுங்கக் கூடாது என்று காய்ந்த காயின் மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. இரண்டு நாள் வெயிலில் சம்பாதித்தது ஒரு குடத் தண்ணீரில் போய்விடும். எடையும் கொஞ்சம் கூடும் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த நிபுணர் குழு சொன்ன இன்னொன்று நம் ஊர்ப் பேச்சில் வருவதே இல்லை. ஹெபடைடிஸ் பி கிருமி உடலில் உள்ளவருக்கு இந்த நஞ்சின் வீரியம் ஏறக்குறைய முப்பது மடங்கு. ஆக, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் அந்தக் கிருமிக்கு எதிராகப் போடும் முதல் ஊசியும் மல்லாட்டை நஞ்சுக்கு எதிரான முன்னெச்சரிக்கைதான். துறைமுகச் சோதனையைவிட அது மலிவு என்பது என் எண்ணம்.

ஏற்றுமதிக்கு ஆகாத சரக்கு காற்றில் கரைவதில்லை. பொறுக்கிக் கழித்த சொத்தைப் பருப்பு செக்குக்குப் போகும். பெரிய ஆலையில் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடும். மரச்செக்கு எண்ணெய்க்கு அந்தச் சுத்திகரிப்பு கிடையாது. மீதி நஞ்செல்லாம் புண்ணாக்கில் தங்கும். புண்ணாக்கைத் தின்ற மாட்டின் உடம்பில் அது எம்1 என்ற வடிவம் எடுத்துப் பாலில் இறங்கும். பாலுக்கு இந்தியாவும் கோடெக்ஸும் வைத்த வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பாவின் வரம்பு 0.05. பத்து மடங்கு தளர்ந்த நம் வரம்பை வைத்தே 2018இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை அளந்தார்கள். 368 மாதிரிகள் வரம்பைத் தாண்டின. தமிழ்நாட்டில் எடுத்த 551இல் 88.