கினபாலு: ஏறியது யார், பெயர் யாருக்கு?

நம் நாட்டின் மிக உயரமான மலையில் முதலில் ஏறியவர் யார் என்று நெறியாளர் என்னைக் கேட்டார். பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் "ஹியூ லோ" என்று உடனே பதில் வரும். உச்சிக்கே லோ சிகரம் என்றுதானே பெயர்! ஆனால் அந்த உச்சியில் லோ கால் வைக்கவே இல்லை. இன்றைய உரையை இந்த வேடிக்கையிலிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

ஹியூ லோ 1824இல் பிறந்தவர். அவருடைய தந்தை லண்டனில் செடிப் பண்ணை நடத்தியவர். பண்ணைக்குப் புதிய செடிகள் தேடித்தான் மகன் இளவயதிலேயே போர்னியோவுக்குக் கப்பல் ஏறினார். பிறகு லாபுவான் பிரிட்டிஷார் கைக்கு வந்தபோது அங்கே அரசு அதிகாரியானார். லாபுவானிலிருந்து வானம் தெளிவாக இருக்கும் நாளில் கினபாலு தெரியும். செடி கொடிகளில் பித்துப் பிடித்த ஒருவர் அதைத் தினமும் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் சும்மா இருப்பார்? 1851 மார்ச் மாதம் புறப்பட்டுவிட்டார். அப்போது அவருக்கு வயது 26.

அவர் தனியாகப் போகவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட உள்ளூர் மக்கள் உடன் சென்றார்கள். மலையடியில் உள்ள கியாவ் கிராமத்து டுசுன் மக்கள் வழிகாட்டினார்கள். அரிசி, போர்வை, செடி பதப்படுத்தும் காகிதம் எல்லாம் அவர்கள் முதுகுக் கூடைகளில்தான் ஏறின. காட்டைக் கடந்து வெறும் பாறை தொடங்கும் இடம் வரை வந்து, அந்தப் பாறைச் சமவெளியையும் லோ எட்டிவிட்டார். ஆனால் மேலே நின்ற கொம்பு போன்ற உச்சியைப் பார்த்து, சிறகு உள்ளவைதான் அங்கே போக முடியும் என்று எழுதிவிட்டுத் திரும்பினார். 1858இல் ஸ்பென்சர் செயின்ட் ஜான் என்ற பிரிட்டிஷ் தூதருடன் மறுபடியும் வந்தார். அப்போதும் அந்த உச்சி வசப்படவில்லை.

லோ முதலில் வந்த ஆண்டிலிருந்து கணக்கிட்டால் முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1888இல் ஜான் வைட்ஹெட் உச்சியைத் தொட்டார். இவர் பறவை ஆராய்ச்சியாளர். கினபாலு காட்டில் இன்றும் அவர் பெயரில் பறவைகள் பறக்கின்றன. ஆனால் உச்சியின் பெயர் லோவுக்கே நிலைத்துவிட்டது. 1910இல் லிலியன் கிப்ஸ் என்ற தாவரவியல் அறிஞர் ஏறினார். மலை ஏறியதாகப் பதிவான முதல் பெண் அவர்தான். அந்தக் காலத்து நீண்ட பாவாடையோடு அந்தப் பாறையில் எப்படி ஏறினாரோ என்று நான் பலமுறை வியந்ததுண்டு.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். "முதலில் ஏறியவர்" என்றால் முதலில் எழுதி வைத்தவர் என்றுதான் பொருள். வைட்ஹெட்டுக்கும் சுமை தூக்கியவர்கள் இருந்தார்கள். மலையின் சிகரங்களைப் பாருங்கள்: லோ, செயின்ட் ஜான், விக்டோரியா, கிங் எட்வர்ட், அலெக்சாண்ட்ரா. பின்னாளில் துங்கு அப்துல் ரஹ்மான் பெயர் ஒரு சிகரத்துக்கு வைக்கப்பட்டது. 1851இல் கூடை சுமந்த நாற்பது பேரில் ஒருவர் பெயரும் எந்தச் சிகரத்திலும் இல்லை.

அவர்களுக்கு அது சிகரமே இல்லை. மூதாதையர் இருக்கும் இடம். "அக்கி நபாலு" என்பது கடசான்டுசுன் மக்களின் வழக்கு. இறந்தவர்களின் ஆவி அந்த மலையில் தங்குகிறது என்பது அவர்களின் நம்பிக்கை. ஆகவே உத்தரவு கேட்காமல் மேலே போக மாட்டார்கள். கோழி, முட்டை, வெற்றிலை பாக்கு வைத்துப் படையல் போட்ட பிறகே ஏறுவார்கள். இதைக் கேட்கும்போது நம் தோட்டப்புறத்து முனியாண்டி படையல் நினைவுக்கு வராதவர் உண்டா? சீனத்து விதவை ஒருத்தி கணவனுக்காகக் காத்திருந்து கல்லானாள், அதனால் "சீனா பாலு" என்று ஆயிற்று என்று இன்னொரு கதையும் உண்டு. கதை அழகுதான். ஆனால் மலையடியில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் சொல்லும் பெயர்க் காரணத்தையே நான் நம்புகிறேன்.

இனி, நமக்கும் இந்த ஹியூ லோவுக்கும் உள்ள உறவுக்கு வருகிறேன். பேராக்கில் ரெசிடெண்ட் பர்ச் 1875இல் கொல்லப்பட்டதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் கொந்தளிப்புக்குப் பின், 1877இல் பேராக் ரெசிடெண்டாக வந்தவர் இதே லோதான். அதே ஆண்டு லண்டன் கியூ தோட்டத்திலிருந்து இலங்கை வழியாக 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது கோலக்கங்சாருக்குப் போய், லோவின் மாளிகைத் தோட்டத்தில் நடப்பட்டன. செடிப் பண்ணைக்காரர் மகன் அல்லவா, ரப்பர் கன்றுகளை அக்கறையோடு வளர்த்தார்! அந்த முதல் தலைமுறை மரங்களில் ஒன்று இன்றும் கோலக்கங்சாரில் நிற்கிறது. பிறகு நடந்ததை நான் விளக்க வேண்டியதில்லை. மோட்டார் வாகனம் பெருகியது, ரப்பர் விலை ஏறியது, காடு அழிந்து தோட்டமானது, கங்காணிமார் நம் ஊர்களுக்குப் போய் ஆள் சேர்த்தார்கள். என் தாத்தா அப்படி வந்தவர்தான். கினபாலுவில் செடி தேடிய அதே கைதான் நம் குடும்பங்களின் தலையெழுத்தை மாற்றிய செடியையும் நட்டது. லோ இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் லோ சிகரப் பலகையைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது தாத்தாவின் பால் வாளிதான்.

மலைக்கே திரும்புவோம். 1961இலும் 1964இலும் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்வுக் குழுக்கள் கினபாலுவுக்கு வந்தன. தலைமை தாங்கியவர் இ. ஜே. எச். கார்னர். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் நெடுங்காலம் பணியாற்றியவர். மரத்தில் ஏறி இலையும் பூவும் பறித்து வரக் குரங்குகளைப் பழக்கி வைத்திருந்தவர். 1964இல் மலை தேசியப் பூங்காவானது. 2000இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தாவர வகைகள் அங்கே உள்ளன. அவற்றில் நெப்பந்தஸ் ராஜா என்ற குடுவைச் செடி ஒன்று. அதன் குடுவையில் இரண்டு மூன்று லிட்டர் நீர் நிற்கும். எலி விழுந்து செத்ததும் உண்டு. ஆனால் மலை மூஞ்சூறு ஒன்று அதன் மூடியில் உள்ள இனிப்பை நக்கிவிட்டுக் குடுவைக்குள்ளேயே மலம் கழித்துவிட்டுப் போகிறது, செடிக்கு அதுவே உரம் என்று 2009, 2010ஆம் ஆண்டுகளில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். லோவின் பெயர் கொண்ட குடுவைச் செடிக்கும் இதே ஏற்பாடுதான்!

நான் முதன்முதலில் போனபோது எனக்கு 48 வயது. திம்போஹோன் வாயில் 1,866 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் படிக்கட்டும் வேரும் பாறையும் ஏறினால் லாபான் ராத்தா, 3,272 மீட்டர். நான் மூச்சு வாங்கி உட்கார்ந்த இடத்தில் எல்லாம், முதுகில் எரிவாயுத் தோம்பும் அரிசி மூட்டையும் கட்டிய உள்ளூர்ப் பெண்கள் சிரித்துக்கொண்டே கடந்து போனார்கள். நாம் மேலே குடிக்கும் தேநீர் அவர்கள் முதுகில் ஏறி வந்தது.

நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு எழுப்பினார்கள். தலையில் விளக்கு, கையில் கயிறு. 3,668 மீட்டரில் சாயாட் சாயாட் சோதனைச் சாவடி. மழை வலுத்தது. என் வழிகாட்டி இளைஞர், என் மகன் வயது. பாறையைக் கையால் தடவிப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "பாக்சிக், கித்தா துருன்," என்றார். இறங்கிவிடுவோம் என்கிறார். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பணம் கட்டி, விமானம் ஏறி வந்து, இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில் திரும்புவதா? நான் வாதாடினேன். அவர் பதில் சொல்லவில்லை. என் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு இறங்கத் தொடங்கிவிட்டார். வேறு வழியில்லாமல் பின்னால் போனேன். அரை மணி நேரத்தில் நாங்கள் நின்ற பாறை முழுவதும் அருவியாக ஓடியதாக மேலிருந்து கடைசியாக வந்தவர்கள் சொன்னார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து மறுபடி போய் உச்சியைத் தொட்டேன். 4,095 மீட்டர். பள்ளியில் நாங்கள் படித்தது 4,101. பிறகு நவீனக் கருவியால் அளந்து திருத்தினார்கள்.

2015 ஜூன் 5ஆம் தேதி காலை ஏழேகால் மணிக்கு ரிக்டர் அளவில் 6 என்று பதிவான நிலநடுக்கம் மலையைக் குலுக்கியபோது எனக்கு அந்த இளைஞர்தான் நினைவுக்கு வந்தார். 18 பேர் இறந்தனர். சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி ஒன்றிலிருந்து வந்த மாணவர்களும் ஆசிரியர்களும் அதில் அடக்கம். உள்ளூர் வழிகாட்டிகளும் அடக்கம். சிங்கப்பூர் ஜூன் 8ஐத் தேசிய நினைவு நாளாக அனுசரித்தது. மேலே சிக்கிய 137 பேருக்கு ஹெலிகாப்டர் எளிதில் எட்டவில்லை. பாறை உருண்டு வழி அழிந்த நிலையில், காயம்பட்டவர்களைத் தூக்கியும் தாங்கியும் இறக்கியவர்கள் மாலிம் குனோங் என்று அழைக்கப்படும் அந்த மலை வழிகாட்டிகள்தான். கழுதைக் காது என்ற இரட்டைப் பாறையில் ஒன்று அன்று உடைந்து விழுந்தது. உச்சிக்குப் போகும் வழி அதே ஆண்டு டிசம்பரில்தான் மறுபடி திறந்தது.

அதற்குச் சில நாட்கள் முன்பு வெளிநாட்டுப் பயணிகள் சிலர் மலையில் ஆடை களைந்து படம் எடுத்ததால்தான் மலை சினந்தது என்று ஊர் மக்கள் பேசினார்கள். அதை மூடநம்பிக்கை என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. நிலத்தடிப் பிளவுதான் காரணம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒருவருடைய தாத்தா பாட்டி தங்கியிருக்கும் இடம் என்று சொல்லும் மண்ணில் அப்படி நிற்பது அறிவியலுக்கு உட்பட்ட கேள்வி இல்லையே!

மலையிலிருந்து இறங்கியவுடன் விமான நிலையத்துக்கு ஓடாதீர்கள். குண்டாசாங்கில் குளிர் காற்றோடு காய்கறிச் சந்தை இருக்கிறது. மாட்டுப் பண்ணையும் இருக்கிறது. ஆனால் அந்தப் பண்ணைக்கும் கோல்ப் திடலுக்கும் பூங்கா நிலத்தைத்தான் வெட்டிக் கொடுத்தார்கள். ரானாவ் பக்கம் மாமுட் செம்புச் சுரங்கம் 1975 முதல் 1999 வரை இயங்கியது. அதுவும் பூங்காவின் நிலமே. போரிங்கில் ஜப்பானியர் காலத்தில் அமைத்த வெந்நீர்க் குளியல் தொட்டிகள் உண்டு. நடந்து வலித்த காலுக்கு அதைவிடச் சுகம் இல்லை.

குண்டாசாங்கில் 1962இல் அமைத்த போர் நினைவிடத்தைத் தவறவிடாதீர்கள். 1945இல் ஜப்பானியர், சண்டாக்கான் முகாமிலிருந்த ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகளை ஏறக்குறைய 260 கிலோமீட்டர் ரானாவ் வரை நடக்க வைத்தார்கள். முகாமில் இருந்த ஏறத்தாழ 2,400 பேரில் உயிர் பிழைத்தவர்கள் ஆறே பேர். அந்த ஆறு பேரும் தப்பி ஓடியவர்கள். அவர்களுக்கு உணவு கொடுத்து மறைத்து வைத்தவர்களில் இந்த மலையடிக் கிராமத்து மக்களும் உண்டு.

நேயர் ஒருவர், அறுபது வயதில் ஏறலாமா என்று தொலைபேசியில் கேட்டார். மருத்துவரைக் கேளுங்கள். ஆறு மாதம் மாடிப்படி ஏறிப் பழகுங்கள். வருடக் கடைசி மழை விட்ட பிறகு, மார்ச், ஏப்ரல் வாக்கில் போங்கள். தங்குமிடத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். வழிகாட்டி இல்லாமல் விட மாட்டார்கள். அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் "துருன்" என்று சொன்னால் என்னைப் போல வாதாடாமல் இறங்கிவிடுங்கள்.