எத்தனை குதிரை வேணும்? மரக்காணம் கரையில் ஒரு டிராக்டர் கணக்கு

மரக்காணத்துக்கு மேற்கே, திண்டிவனம் போற வழியில நாலு காணி வச்சிருக்கிற மாமா ஒருத்தர் போன மாசம் போன் பண்ணினார். "டிராக்டர் எடுக்கலாம்னு இருக்கேன்டா. முப்பத்தஞ்சு எடுக்கட்டுமா, நாப்பத்தஞ்சா? நீதான் பழைய காகிதமா பொரட்டிக்கிட்டு இருக்கியே, பாத்துச் சொல்லு."

அவர் சொன்ன எண்கள் குதிரைத்திறன். நம்ம பக்கத்துக் காணிக் கணக்கு தெரியாதவங்களுக்கு: 100 குழி ஒரு காணி. 24 அடிக்கு 24 அடி ஒரு குழி. ஆகவே ஒரு காணி 57,600 சதுர அடி, அதாவது 1.32 ஏக்கர். மாமாவின் நாலு காணி அஞ்சேகால் ஏக்கர் சொச்சம்.

ஷோரூம்ல கேட்டா ஒரு நிமிஷத்துல பதில் சொல்லிடுவாங்க. ஆனா "நிலத்துக்கு ஏத்த இயந்திரம் எது" என்ற கேள்விக்கு இந்தக் கரையில் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் வயசு. அந்தக் கதையைப் பாத்தா, கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேக்கணும்னு புரியும்.

சைதாப்பேட்டைக்கு வந்த நீராவிக் கலப்பை

மரக்காணத்திலிருந்து வடக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் சைதாப்பேட்டை. 1860களில் சென்னை மாகாண கவர்னராக இருந்த சர் வில்லியம் டெனிசன், இந்திய விவசாயத்தைத் திருத்துவது என்று கிளம்பி, இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை, பரம்புக் கருவி, விதைப்புக் கருவி எல்லாம் தருவித்தார். அவற்றை ஓட்டிப் பார்க்க சைதாப்பேட்டையில் ஏறத்தாழ 350 ஏக்கரில் ஒரு பண்ணை 1865-ல் தொடங்கியது. அங்கே 1868-ல் வந்த விவசாயப் பள்ளிதான் பின்னால் கோயம்புத்தூருக்குப் போய், இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

அந்தக் காலத்து நீராவி உழவு எப்படி நடந்தது? பல டன் எடையுள்ள என்ஜின் வயலுக்குள் இறங்காது. வரப்போரம் நின்றபடி கம்பிவடத்தால் கலப்பையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு இழுக்கும். அதற்கு நீளமான, வரப்பில்லாத வயல் வேணும். கரி வேணும், தண்ணி வேணும், மெக்கானிக் வேணும். கால் காணி, அரைக் காணித் துண்டுகளாகக் கிடக்கிற ஊரில் அதை எங்கே நிறுத்துவது? பள்ளிக்கூடம் தழைத்தது, நீராவிக் கலப்பை நம்ம கிராமத்துக்குள் வரவே இல்லை.

இயந்திரத்தின் மேல் குத்தமில்லை. இங்கிலாந்தின் பெரிய பண்ணைக்கு அது சரியான அளவு. நிலத்தைப் பாக்காமல் அளவைத் தேர்ந்தெடுத்ததுதான் கோளாறு.

அடுத்த பெரிய முயற்சி சுதந்திரத்தை ஒட்டி. 1947-ல் மத்திய அரசு 'மத்திய டிராக்டர் அமைப்பு' என்று ஒன்றை உண்டாக்கியது. உலகப்போரில் மிச்சமான கனரக வண்டிகளோடு ஆரம்பித்து, 1949-ல் உலக வங்கியிடம் வாங்கிய 1 கோடி டாலர் கடனில் புது வண்டிகளும் வந்தன. சங்கிலிப் பட்டையில் ஓடும் ராட்சதர்கள். மத்திய இந்தியாவில் நாணல் மாதிரி ஆழ வேர்விட்டு லட்சக்கணக்கான ஏக்கரைப் பிடித்திருந்த 'கான்ஸ்' புல்லைப் பெயர்த்தெடுப்பதுதான் அவற்றின் வேலை. அந்த வேலைக்கு அது சரியான அளவு. ஏரிப் பாசனத்து நெல் வயலுக்கு அதுவும் ஆகாது.

முப்பத்தஞ்சு எப்படி வந்தது

நம்ம வயலுக்கு ஏத்த அளவை யோசித்தவர் அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன். அவருக்கு முன்னால், மண்ணில் பிடிப்பு வேணும்னா வண்டி கனமா இருக்கணும் என்பதுதான் நினைப்பு. ஃபெர்குசன் கலப்பையை டிராக்டருக்குப் பின்னால் மூணு புள்ளியில் இணைத்து, ஹைட்ராலிக்கால் தூக்கி இறக்கும்படி செய்தார். கலப்பை மண்ணை இழுக்கும்போது உண்டாகும் சுமை பின் சக்கரத்தின் மேலேயே வந்து உட்காரும். வண்டி லேசு, ஆனா பிடிப்பு கனமான வண்டிக்கு உள்ளது. இன்றைக்கு நீங்கள் பார்க்கும் எந்த டிராக்டரின் பின்பக்கத்திலும் இந்த மூணு கை இருக்கும்.

1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் அவருடைய சாம்பல்நிற டிஇ20 வண்டி அஞ்சு லட்சத்துக்கு மேல் தயாரானது. எடை ஏறத்தாழ ஒரு டன்தான். அடுத்து வந்தது 35 என்ற மாடல். ஃபெர்குசன் கம்பெனி மாசி-ஹாரிஸோடு சேர்ந்து மாசி ஃபெர்குசன் ஆனது. 1960-ல் சென்னையில் அமால்கமேஷன்ஸ் குழுமம் மாசி ஃபெர்குசன் கூட்டோடு டாஃபே நிறுவனத்தைத் தொடங்கி, செம்பியத்தில் ஆலை போட்டது. அந்த வழியில் வந்த மாசி 1035 தமிழ்நாட்டில் இறங்காத ஊர் கம்மி. "மாசி வண்டி" என்றாலே டிராக்டர் என்று ஆன ஊர்கள் உண்டு.

சின்ன அளவையும் முயன்றார்கள். துர்காபூர் மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனத்தில் வடிவமைக்கப்பட்டு 1974-ல் பஞ்சாபில் தயாரான ஸ்வராஜ் 724, 25 குதிரையை ஒட்டியது. பெங்களூரில் 1967-ல் தொடங்கிய வி.எஸ்.டி. ஜப்பானின் மிட்சுபிஷி கூட்டோடு பவர் டில்லர் கொண்டுவந்தது. பவர் டில்லர் 12, 13 குதிரைதான். நானூறு, ஐந்நூறு கிலோ எடை. பின்னாலேயே நடக்கணும் என்பதுதான் பாடு.

பழைய ஏர் ஓட்டினவரும் நடந்தவர்தான். நாட்டுக் கலப்பையின் சால் அரையடி அகலம் என்று வையுங்கள். ஒரு ஏக்கரை ஒருமுறை உழ 27 கிலோமீட்டர் நடக்கணும். மாட்டின் பின்னால், சேத்துல. அந்த நடையிலிருந்து விடுதலை என்பது சின்ன விஷயமில்லை. டிராக்டர் வாங்குவதை வெறும் பகட்டு என்று எழுதுகிறவர்கள் இந்த 27 கிலோமீட்டரை ஒருதடவை நினைச்சுக்கணும்.

நிலம் சுருங்க, வண்டி வளர

இங்கேதான் விஷயம் விசித்திரமாகிறது. விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 1970-71-ல் 1.45 ஹெக்டேர். 2015-16-ல் 0.75 ஹெக்டேர். அதாவது மூணரை ஏக்கராக இருந்தது ரெண்டு ஏக்கருக்கும் கீழே வந்துவிட்டது. ஆனா வண்டி வளர்ந்துகொண்டே போனது. ஒரு காலத்தில் இந்தியாவில் அதிகம் விற்றது 31 முதல் 40 குதிரை வரை. இப்போ 41 முதல் 50 வரை. 50-க்கு மேல் போனால் 2023 ஜனவரி முதல் கடுமையான புகை விதிகளும், அதனால் கூடுதல் விலையும் வருவதால், எல்லா கம்பெனியும் 50-க்குச் சற்றுக் கீழே வந்து குவிகிறது.

நிலம் பாதியாகும்போது வண்டி ஏன் பெருக்கணும்? வாங்குகிறவர் தன் நிலத்துக்காக மட்டும் வாங்கவில்லை, அடுத்தவர் நிலத்துக்கும் சேர்த்து வாங்குகிறார். இது தெரியாமல் "எத்தனை ஏக்கருக்கு எத்தனை குதிரை" என்று பட்டியல் போடுவதில் பயனில்லை.

மாமாவின் கணக்கைப் பாருங்க. ஒன்பது கொத்துக் கலப்பை ரெண்டு மீட்டர் அகலம். மணிக்கு 5 கிலோமீட்டர் ஓட்டினா, திரும்புகிற நேரம் போக, மணிக்கு ஒன்றரை ஏக்கர் உழலாம். அஞ்சேகால் ஏக்கரை மூணு சால் உழ 11 மணி நேரம். ரெண்டு போகத்துக்கு 22. ரொட்டவேட்டர் போட்டுச் சேறடிக்க இன்னொரு 15, 20 மணி. எருவடிக்க, மூட்டை ஏத்த டிப்பர் ஓட்டம் எல்லாம் தாராளமாகச் சேர்த்தாலும் வருஷத்துக்கு 100 மணி நேரம். டிராக்டர் கடனுக்கு வங்கிகள் பின்பற்றி வந்த கணக்கோ, வண்டி வருஷத்துக்கு 1,000 மணி நேரம் ஓடணும் என்பது. மிச்சம் 900 மணி நேரம் யார் நிலத்தில்?

இன்னொன்றும் கவனியுங்க. அந்த ஒன்பது கொத்துக் கலப்பையை முப்பத்தஞ்சும் இழுக்கும், நாப்பத்தஞ்சும் இழுக்கும். கூடுதல் பத்து குதிரை மாமாவின் நிலத்தில் மிச்சப்படுத்துவது வருஷத்துக்குச் சில மணி நேரம்தான். அந்தப் பத்துக் குதிரைக்கு வேலை அகலமான ரொட்டவேட்டரிலும் பாரமான டிப்பரிலும், அதாவது வாடகை ஓட்டத்தில்.

மண் என்ன சொல்லுது

மரக்காணம் கரையில் நாலு விதமான தரை. முதலாவது உப்பளம். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடி தமிழ்நாட்டில் உப்புக்குப் பேர்போனது இந்த ஊர். அந்தப் பாத்திக்குள் டிராக்டருக்கு இடமில்லை. காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்கின தரை அது. ஒரு சக்கரத் தடம் விழுந்தா உப்போடு சேறு கலந்துடும். நீளக் கம்பு போட்ட பலகையால் வாரி, பெண்கள் கூடையில் சுமந்துதான் கரை சேர்க்கிறார்கள். அங்கே சரியான அளவு பூஜ்ஜியம்.

ரெண்டாவது, 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியைச் சுத்தின களிமண். மழை பேஞ்சா உளை. இங்கே குதிரையைவிட எடைதான் முக்கியம். முப்பத்தஞ்சு வண்டி ஏறத்தாழ 1.7 டன். அம்பதை நெருங்கினா ரெண்டு டன்னுக்கு மேல். இரும்புக் கேஜ் வீல் மாட்டாமல் இறங்கினால் வண்டியை இழுக்க இன்னொரு வண்டி வரணும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. கொட்டியதே, அப்படியொரு மழைக்கப்புறம் கனமான வண்டி எத்தனை நாள் கழித்து வயலில் இறங்கும் என்பதைத்தான் கேக்கணும்.

மூணாவது, கடலோர மணல். சவுக்கும் மணிலாவும். லேசான மண், சின்ன வண்டியே தாராளம். நாலாவது, திண்டிவனம் பக்கத்துச் செம்மண். மணிலா ரகங்களின் பேரில் வரும் 'டி.எம்.வி.' என்பது திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தைக் குறிப்பது. அந்த மானாவாரி நிலத்தில் மழை விழுந்த ரெண்டு மூணு நாளுக்குள் உழுது விதைச்சாகணும். ஈரம் போயிட்டா போகமே போச்சு.

இந்த ரெண்டு மூணு நாள்தான் எல்லாத்துக்கும் மூலம். மழை பேஞ்ச மறுநாள் ஊர் முழுக்க ஒரே வண்டிக்காரருக்குப் போன் போடும். அவர் பத்துக் காணிக்காரர் நிலத்துக்கு முதல்ல போவாரா, முக்கால் காணிக்காரர் நிலத்துக்கா? திரும்பத் திரும்ப வளைச்சு ஓட்டணும் என்பதால் சின்ன நிலம் அவருக்குக் கட்டாது. கடைசியில் நிக்கிறது எப்பவும் சின்ன விவசாயிதான். ஆகவே பல பேர் டிராக்டர் வாங்குவது குதிரைத்திறனுக்காக இல்லை. அந்த வரிசையிலிருந்து வெளியே வருவதற்காக.

ஆனா வரிசைக்குப் பயந்து வாங்கினவர் தவணைக்குப் பயப்பட வேண்டி வருது. 2016 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டத்தில், டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீஸ் அடித்து வண்டியிலிருந்து இழுத்த காட்சி நாடு முழுக்கப் பரவியது பலருக்கும் நினைவிருக்கும். அதே மாதம் அரியலூர்ப் பக்கம், டிராக்டரைப் பறிகொடுத்த இன்னொரு விவசாயி உயிரை விட்டார். மழை பொய்த்தால் சொந்த நிலத்தில் மட்டுமில்லை, வாடகை ஓட்டத்திலும் வருமானம் நின்றுவிடும். தவணை மட்டும் நிக்காது.

அப்போ என்ன அளவு?

மாமாவுக்கு நான் எழுதி அனுப்பியது இதுதான். மழை பேஞ்ச மூணு நாளுக்குள் வாடகை வண்டி உங்க நிலத்துக்கு வருதுன்னா, சரியான அளவு பூஜ்ஜியம். வேளாண்மைப் பொறியியல் துறையின் வண்டியை மணிக்கணக்கு வாடகைக்கு உழவன் செயலியிலேயே பதியலாம். வரலைன்னா, உளை நிலத்துக்குப் பவர் டில்லர். அஞ்சாறு பங்காளிகள் சேர்ந்து, முறை வச்சு ஓட்ட ஒத்துக்கிட்டா முப்பத்தஞ்சு. வீட்டில் யாராவது வருஷம் பூரா வாடகைக்கு ஓட்டுவதையே தொழிலாக எடுத்துக்கிறதா இருந்தா மட்டும் நாப்பத்தஞ்சு. அப்பவும் 900 மணி நேர ஓட்டம் எங்கிருந்து வரும் என்று பேரும் ஊரும் போட்டு எழுதிப் பாத்துட்டு.

இதில் கடினமானது மூணாவது. இயந்திரம் எந்த அளவிலும் கிடைக்கும். யார் நிலத்துக்கு முதல்ல போறது என்று அஞ்சு பங்காளிகள் சண்டையில்லாமல் முடிவு பண்றதுக்குத்தான் எந்த ஷோரூமிலும் விலை போடவில்லை. ஏரித் தண்ணியை முறை வச்சுப் பாய்ச்சின ஊர்கள்தான் இவை. மடை திறக்க முறை வைக்கத் தெரிஞ்சவங்களுக்கு டிராக்டருக்கு முறை வைக்கத் தெரியாமல் போகாது.