பிடித்ததும் தெளிந்ததும்

பைத்தியம் என்ற சொல்லுக்குள் மனம் இல்லை, பித்தம்தான் இருக்கிறது. சிவன் சைவம் ஆனதுபோல, விஷ்ணு வைணவம் ஆனதுபோல, ‘பித்த’ என்னும் வடசொல்லின் முதல் இகரம் ஐகாரமாகிப் பைத்தியம் பிறந்தது. பித்தம் சார்ந்தது என்பதே அதன் நேர்ப்பொருள். வாதம், பித்தம், ஐயம் என்று உடம்பைக் கணக்கிட்ட வைத்தியர்கள், பித்தம் மிஞ்சினால் புத்தி தடுமாறும் என்று நம்பினார்கள். பித்தம் தலைக்கேறிவிட்டது என்று இன்றும் சொல்கிறோம். தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளிப்பாட்டியதும் அந்த நம்பிக்கையில்தான். கிரேக்கர்களும் இதே வழியில் போயிருக்கிறார்கள். மெலங்கோலியா என்ற சொல்லைப் பிரித்தால் கிடைப்பது கரும்பித்தம். அந்த மருத்துவம் காலாவதி ஆகிவிட்டது. ஆனால் அது வைத்த பெயரில் வசை இருக்கவில்லை. காமாலைபோல உடம்புக்கு வந்த ஒரு கேடு, அவ்வளவுதான்.

இதே குடும்பத்துச் சொல்தான் பித்து. ‘சிரித்தான்’ பேச்சில் ‘சிரிச்சான்’ ஆவதுபோலப் பித்து பிச்சு ஆயிற்று, தெலுங்கில் பிச்சி. திருமணப் பந்தலில் கிழவராக வந்து சுந்தரரைத் தம் அடிமை என்று உரிமை கோரிய சிவனை அவர் பித்தன் என்று ஏசினார். ஏசிய சொல்லையே முதற்சொல்லாக வைத்துப் பாடச் சொன்னார் இறைவன் என்கிறது பெரியபுராணம். கோயிலுக்குள் அந்தச் சொல்லுக்கு இவ்வளவு மரியாதை.

தெருவில் நிலைமை வேறு. அதைப் புரிந்துகொள்ளப் பைத்தியம் என்ற பெயர்ச்சொல்லோடு சேர்ந்துவரும் வினைகளைப் பார்க்க வேண்டும். தமிழில் பைத்தியம் ‘பிடிக்கிறது’, பிறகு ‘தெளிகிறது’. சளி பிடிப்பதுபோலப் பிடித்து, கலங்கிய குளம் தெளிவதுபோலத் தெளிகிறது. வந்தது போகும் என்ற நம்பிக்கை இந்த இரண்டு வினைகளில் இருக்கிறது. மொழி செய்த நல்ல காரியம் என்று இதைச் சொல்வேன். ஆனால் பிடிப்பது பேயும்தான். ஒரே வினை இரண்டுக்கும் பொதுவாக இருந்ததால், நோயாளியை மருத்துவரிடம் கொண்டுபோவதற்குப் பதிலாகச் சங்கிலியோடு பேய் ஓட்டும் இடங்களில் விட்டுவந்தோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அப்படிப்பட்ட ஓர் ஊரான ஏர்வாடியில் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, கட்டிப்போடப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

அதைவிட ஆழமாகக் கெடுத்தது ஒரு விகுதி. பால்காரன், வண்டிக்காரன், தோட்டக்காரன் வரிசையில் பைத்தியக்காரன் சேர்ந்தான். காய்ச்சல் வந்தவனை நாம் காய்ச்சல்காரன் என்று கூப்பிடுவதில்லை. பித்தம் மிஞ்சியவனுக்கு மட்டும் அது தொழில்போல, குலம்போல ஒட்டிக்கொண்டது. தெளிந்த பிறகும் அவன் பைத்தியக்காரன்தான். ஊர்ப்பெயர்கூட இதற்குத் தப்பவில்லை. சென்னையில் 1794இல் தொடங்கிய மனநோய்க் காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. காப்பகம் என்ற பெயர் போய் 1922இல் மருத்துவமனை என்ற பெயரும் வந்தது. சனங்கள் வாயில் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்பதே நின்றது.

இந்த விகுதிக்கு எதிராக ஒரு தமிழ் எழுத்தாளர் வாழ்நாள் முழுக்க எழுதினார். மதுரையில் 1945இல் பிறந்த கோபிகிருஷ்ணன். உளவியல் படித்தவர், மனநோயாளிகளிடையே பணி செய்தவர், தாமும் நோயுற்று மாத்திரைகளோடு வாழ்ந்தவர். அவருடைய ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ நாவலில் நோயாளிகளும் அவர்களைச் சேர்ந்தவர்களும் பேசுகிறார்கள். தலைப்பின் முதற்சொல்லை மட்டும் கவனியுங்கள். வெளியே நின்று பைத்தியக்காரன் என்று சுட்டும் குரலுக்கு அந்தத் தலைப்பிலேயே இடமில்லை. பின்னால் எழுதிய கதைகளில் தம்மையே எடுத்து வைத்தார். மருந்து, சிகரெட், வாடகை வீடு, நிலைக்காத வேலை, மனைவி, மகள் எல்லாம் மறைப்பில்லாமல் வருகின்றன. அனுதாபம் கேட்கும் தொனி எங்கும் இல்லை.

தமிழில் கிறுக்கு என்றொரு சொல்லும் உண்டு. புத்தி பேதலிப்பதும் கிறுக்கு, தாளில் தாறுமாறாகக் கோடு இழுப்பதும் கிறுக்குதல். கொஞ்சம் கிறுக்கு இருந்தால்தான் எழுத்து வரும் என்று நம்மில் பலர் பெருமையாகச் சொல்வதற்கு இந்த ஒலி ஒற்றுமை வசதியாகிவிட்டது. நான் இதை ஏற்கவில்லை. கோபிகிருஷ்ணனின் உரைநடையைப் படித்தவர்கள் யாராலும் ஏற்க முடியாது. மருத்துவக் குறிப்பு எழுதுபவரின் நிதானம் அதில் இருக்கிறது. உணர்ச்சி பொங்க வேண்டிய இடத்தில் தேதியையும் மாத்திரையின் பெயரையும் எழுதிவிட்டு நகர்கிறார். நோய் அவருடைய நாட்களைத் தின்றது, வேலையைத் தின்றது. அந்த வாக்கியங்களை எழுதியது நோய் இல்லை. நோய் விட்டுவைத்த நேரங்களில், தெளிந்த மனத்தோடு, ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதினார். அந்த உழைப்பைப் பித்தின் கணக்கில் எழுதுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

2003இல் அவர் காலமானார். அவருடைய படைப்புகள் தொகுக்கப்பட்டுப் புத்தகமாக வந்திருக்கின்றன. கிடைத்தால் ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ நாவலிலிருந்து தொடங்குங்கள். படித்து முடித்த பிறகு, உங்கள் தெருவில் அந்த விகுதியோடு அழைக்கப்படும் ஒருவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் என்னவென்று விசாரித்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.