மாணாக்கரும் தொண்டும்: திருச்சாரணத்துமலை தரும் படிப்பினை

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில், மார்த்தாண்டத்திற்கு அருகே அமைந்துள்ள சிற்றூர் சிதறால். இவ்வூர்க் குன்று கல்வெட்டுகளில் திருச்சாரணத்துமலை என வழங்கப்பெறுகிறது. ஊர்தோறும் சென்று அறம் உரைத்த சமணத் துறவியரைச் சாரணர் என்பது பழைய வழக்கு. அவர்கள் தங்கிய மலையாதலின் இப்பெயர் பெற்றது. தொண்டுப் பயிற்சி பெறும் பள்ளி மாணவரைச் சாரணர் என அழைக்கும் இக்கால வழக்கை நினைக்குங்கால், பழஞ்சொல் ஒன்று தக்க இடத்திலேயே மீண்டும் பயன்படுகிறது எனலாம்.

குன்றின் பாறை முகத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும், பார்சுவநாதர் உருவமும், அம்பிகை இயக்கியின் உருவமும் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இங்குள்ளது. அரிட்டநேமி படாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண் துறவி, இம்மலைப் படாரியார்க்குப் பொன் அணிகலன் அளித்த செய்தியை அது கூறுகிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெண், இன்னாருடைய மாணாக்கி என்ற அடையாளத்தோடு கல்லில் இடம்பெற்றாள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஊர் கடந்து சென்ற மாணாக்கர்

சமணக் கல்வெட்டுகளைக் கற்போர்க்கு ஓர் உண்மை விரைவில் புலப்படும். ஒரு பள்ளியில் பயின்றவர் பெயர் அப்பள்ளி இருந்த ஊரில் மட்டுமன்றி, தொலைவிலுள்ள குன்றுகளிலும் காணப்படுகிறது. வெண்புநாட்டுத் திருக்குறண்டிப் பள்ளியின் மாணாக்கர் பரம்பரை மதுரைக்கு அருகிலுள்ள சமணர்மலைக் கல்வெட்டுகளில் குறிக்கப்பெறுகிறது. திருச்சாரணத்துக் குரத்திகளின் பெயர் கழுகுமலையில் உள்ளது. உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள திருநறுங்கொண்டையைச் சேர்ந்த வீரநந்தி அடிகளின் பெயரோ சிதறாலில் உள்ளது. இன்றும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் அப்பாண்டைநாதரை வழிபடும் அதே திருநறுங்கொண்டைதான் அது. பேருந்தும் இருப்புப்பாதையும் இல்லாத காலத்தில், வடக்கே இருந்த பள்ளிக்கும் தெற்கே இருந்த மலைக்கும் மாணாக்கர் வழியே உறவு இருந்தது.

இம்மாணாக்கர் சென்ற இடமெல்லாம் அவர்களை ஏற்று உணவும் உறையுளும் அளித்தோர் இல்லறத்தாராகிய சாவகர். துறவியர் அவர்களுக்கு அறமும் எழுத்தும் கற்பித்தனர். பள்ளி என்னும் சொல் துறவியர் உறைவிடத்தையும் கல்விக்கூடத்தையும் ஒருங்கே குறிப்பது இவ்வுறவின் அடையாளம். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களையும் சமண அறம் இல்லறத்தார்க்குக் கடமையாக வகுத்தது. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணைசெய்து வாழ்கின்றன என்னும் தத்துவார்த்த சூத்திரக் கருத்து இதற்கு அடிப்படையாகும்.

13ஆம் நூற்றாண்டளவில் இம்மலைக்கோயில் பகவதி கோயிலாயிற்று. சிதறாலைச் சூழ்ந்து வாழ்ந்த சாவகர் சமூகமும் காலப்போக்கில் மறைந்தது. அன்று வந்து செல்லும் மாணாக்கரை ஏற்கும் இல்லங்கள் இல்லாமற் போயின. மலையும் சிற்பமும் நின்றன. கற்பிப்பாரும் கற்பாரும் நீங்கினர்.

மார்த்தாண்டத்தில் ஒரு முயற்சி

கல்வியையும் ஊர்ப்பணியையும் இணைக்கும் முயற்சி, இம்மலையிலிருந்து சில கல் தொலைவிலேயே 20ஆம் நூற்றாண்டில் வேறொரு வடிவில் நிகழ்ந்தது. சேலத்தில் பிறந்த கே. டி. பால், ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் தேசியப் பொதுச்செயலராக இருந்து சிற்றூர்ப் பணிக்கு வித்திட்டார். அவ்வழியில், அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், 1920களில் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் ஊரகச் சீரமைப்பு நடுவம் ஒன்றை நடத்தினார். தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு, நெசவு, கூட்டுறவு விற்பனை ஆகியவை அங்கே கற்பிக்கப்பட்டன. பிற மாகாணங்களிலிருந்தும் பயிற்சியாளர்கள் வந்து, அருகிலுள்ள சிற்றூர்களில் நேரிற் பழகிக் கற்றனர். தன் கையே தனக்கு உதவி, அதற்குத் துணையாக அருகிருந்து கூறும் அறிவுரை என்பதே அந்நடுவத்தின் கொள்கை. ஹாட்ச் தம் பட்டறிவை 1932இல் நூலாக வெளியிட்டார். மார்த்தாண்டம் தேன் இன்று புவிசார் குறியீடு பெற்று விளங்குகிறது.

அம்முயற்சியின் சமயச் சார்பு வேறு. அதன் செயல்முறை எவரும் கற்கத்தக்கது. பயில வருவோரை ஏற்று வழிநடத்தும் அமைப்பு ஒன்று ஊரிலேயே நிலையாக இருந்தது. ஊர் மக்களின் தேவை முதலில் அறியப்பட்டது. பணி முடிந்து பயிற்சியாளர் அகன்ற பின்னும் தொழில் ஊராரிடம் தங்கியது.

நாட்டு நலப்பணித் திட்டம்

விடுதலைக்குப் பின் இக்கருத்து நாடு தழுவிய வடிவம் பெறுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. டாக்டர் இராதாகிருட்டிணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, கல்வி நிறுவனங்களில் தேசியத் தொண்டைத் தன்விருப்ப அடிப்படையில் புகுத்தலாம் என்றது. 1958இல் நேரு, பட்டம் பெறுவதற்குச் சமூகத் தொண்டை முன்நிபந்தனையாக்கலாம் என மாநில முதல்வர்களுக்கு எழுதினார். 1959இல் அமைந்த சி. டி. தேசுமுக் குழு, ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயத் தொண்டைப் பரிந்துரைத்தது. பெருஞ்செலவும் நடைமுறை இடர்களும் அதனைத் தடுத்தன. பிற நாடுகளின் திட்டங்களை ஆராய்ந்த கே. ஜி. சையதைன், தொண்டு தன்விருப்பமாக இருத்தலே தக்கது என 1960இல் கருத்துரைத்தார். கோத்தாரி கல்விக்குழுவும் மாணவரைச் சமூகப் பணியில் ஈடுபடுத்த வலியுறுத்தியது.

முடிவில், காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி, 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், கல்வி அமைச்சர் டாக்டர் வி. கே. ஆர். வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கினார். 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர் முதலில் சேர்ந்தனர். எனக்காக அன்று, உனக்காக என்னும் பொருள்படும் தொடர் அதன் குறிக்கோளாயிற்று. மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். தேர்ந்தெடுத்த ஊரில் ஏழு நாள் சிறப்பு முகாமிலும் பங்கேற்க வேண்டும். ஊராட்சி, ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளி, தொண்டு நிறுவனம் முதலியவை முகாமுக்குத் துணை நிற்கின்றன.

கட்டாயமா, விருப்பமா என்று நிகழ்ந்த அந்த விவாதம் சமணர்க்குப் புதியதன்று. அணுவிரதத்தை ஒருவர் தாமே மேற்கொள்கிறார். எவரும் அதனை அவர்மீது சுமத்துவதில்லை. ஆயினும் மேற்கொண்ட பின் வழுவாது காத்தல் கடமை. தொண்டுக்கும் இந்நெறி பொருந்தும். வருகைப் பதிவுக்காகவும் சான்றிதழுக்காகவும் மணிகளை எண்ணும் மாணவர் சிலர் உண்டு. அவர்களுக்குத் தகுந்த பணியையும் பொறுப்பையும் அளிக்காத அமைப்புகளும் உண்டு. வந்த மாணவரிடம் துடைப்பத்தைக் கொடுத்து, ஒளிப்படம் எடுத்து அனுப்பிவிடுவதால் மாணவரும் கல்லார், ஊரும் பயன்பெறாது.

செய்யத்தக்கவை

சிதறால் மலை இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கல்லைச் சட்டம் காக்கும். கல்லின் பொருளை வருவோர்க்கு எடுத்துரைக்க மக்கள் வேண்டும். தமிழ்ச் சமணக் குடும்பங்களோ பெரும்பாலும் வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், ஆரணிப் பகுதிகளில் வாழ்கின்றன. திருத்தலப் பயணமாகச் சிலமுறை வந்து திரும்புகின்றன. ஆகவே இம்மலையின் அன்றாடக் காவலர் உள்ளூர் மக்களும் அவர்தம் பிள்ளைகளுமே ஆவர். மார்த்தாண்டத்தில் 1964 முதல் நேசமணி நினைவுக் கிறித்தவக் கல்லூரி இயங்குகிறது. நாகர்கோவிலிலும் கல்லூரிகள் பல உள்ளன.

மாணவரை அனுப்பக் கல்லூரிகள் உள்ளன; அவர்களை ஏற்று நடத்தும் உள்ளூர்த் துணை அமைப்பே தேவை. அப்பொறுப்பைச் சமண அறக்கட்டளைகள் ஏற்கலாம். கல்லூரித் திட்ட அலுவலரோடும் ஊராட்சியோடும் முன்கூட்டியே கலந்து, ஊரின் தேவை இன்னதென அறிந்து, ஏழு நாள் முகாமுக்குத் தங்குமிடமும் பொழுது சாயுமுன் எளிய உணவும் அளிக்கலாம். தொல்லியல் துறையின் இசைவோடு மலைப்பாதையில் சேரும் நெகிழிக் கழிவுகளை அகற்றலாம். சிற்பங்களைத் தொடுதலும் கழுவுதலும் வண்ணம் பூசுதலும் ஆகா என்பதை முதல் நாளிலேயே உணர்த்துதல் வேண்டும். கல்வெட்டுப் பயிற்சி பெற்ற அறிஞர் ஒருவரைக் கொண்டு வட்டெழுத்தை அறிமுகம் செய்தால், அம்மாணவரே பின்னர் பள்ளிச் சிறுவர்க்கு வழிகாட்டுவர். அடிவாரத்து ஊரில் நடத்தும் மருத்துவ முகாம் மருந்துத் தானமாகவும், மாலை வகுப்பு கல்வித் தானமாகவும் அமையும். அவ்வாறே வடமாவட்டக் கல்லூரிகளில் பயிலும் சமண இளைஞரும் தம் ஊரின் துணை அமைப்புகளில் இணைந்து, தம் சமூகத்தார் அல்லாதார்க்கும் பணிசெய்தல் தகும்.

ஒருமுறை நடத்தி விடுவது போதாது. அடுத்த ஆண்டும் அதே ஊருக்கு மாணவர் செல்ல வேண்டும். செய்த பணியும் விடுபட்ட பணியும் ஏட்டில் எழுதப்பெற வேண்டும். அரிட்டநேமி படாரரின் மாணாக்கி குணந்தாங்கி என்னும் செய்தி நமக்குக் கிடைத்தது, எவரோ அதனைக் கல்லில் பொறித்து வைத்தமையால். திருநறுங்கொண்டையிலிருந்து திருச்சாரணத்துமலை வரை ஒருகாலத்தில் மாணாக்கர் நடந்த வழி, இன்று ஒரு நாட்பயணம். அவ்வழியில் இளைஞரை அனுப்புதற்கும், வருவோரை ஏற்றற்கும் ஓர் அமைப்பு முன்வருமாயின் மலைக்கு மீண்டும் மாணாக்கர் கிடைப்பர்.