சோற்றுப் பசியும் வயிற்றுப் பசியும்: பம்பாய், 1943

பசி வயிற்றில் எழுந்ததா, மனத்தில் எழுந்ததா என்று பிரித்தறியச் சொல்லும் அறிவுரைகள் இன்று மிகுந்துவிட்டன. அவை தரும் உரைகல் பெரும்பாலும் ஒன்றே. உண்மைப் பசி மெல்ல எழும்; எது கிடைத்தாலும் ஏற்கும்; வயிறு நிறைந்ததும் அடங்கும். மனப்பசியோ திடீரென்று எழும். குறிப்பிட்ட ஒரு பண்டத்தையே கேட்கும். 'பசி ருசி அறியாது' என்னும் நம் பழமொழியும் இதே உரைகல்லைத்தான் தருகிறது. ஒருவர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள இது பயன்படும். ஆனால், ஒருவரது பசியை மற்றொருவர் அளக்க முற்படும்போது என்ன நேர்கிறது? பம்பாய்த் தமிழரின் வரலாற்றில் இக்கேள்விக்கு ஒரு சான்று உண்டு.

1942 மார்ச்சில் ஜப்பானியப் படையிடம் ரங்கூன் வீழ்ந்தது. ஆண்டுதோறும் பத்து லட்சம் டன்னுக்கு மேல் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி அத்துடன் நின்றது. 1943 மே மாதத்தில் பம்பாயில் உணவுத் தானியப் பங்கீடு தொடங்கியது. இந்திய நகரங்களுள் இதுவே முதல். அவ்வாண்டில் கிரிகரி தலைமையில் அமைந்த உணவுத் தானியக் கொள்கைக் குழு, வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியம் என்னும் அளவை முன்வைத்தது. 1946-இல் அது 12 அவுன்சாக, 340 கிராமாகக் குறைந்தது. ரேஷன் அட்டையில் கண்ட அளவு முழுவதும் அரிசியாகக் கிடைக்கவில்லை. ஒரு பகுதி அரிசி; எஞ்சியது கோதுமையும் சோளம், கம்பு போன்ற தானியங்களும்.

இம்மாற்றத்தின் சுமை எல்லோர் மீதும் ஒன்றுபோல் விழவில்லை. தலைமுறைகளாக ரொட்டி உண்டவர்களுக்கு அட்டை மாறியதே தவிர, அடுப்படி மாறவில்லை. மாட்டுங்காவிலோ தஞ்சை, திருநெல்வேலி, பாலக்காட்டுப் பகுதிகளிலிருந்து வந்த எழுத்தர்களும் தட்டச்சர்களும் குடியேறியிருந்தனர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் அவர்களிடையே தோன்றியது. ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942-இல் ரயில் நிலையத்தருகே இலை போடத் தொடங்கியது. தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தோல் பதனிடும் தொழிலாளர் வாழ்ந்தனர். சாதியாலும் வருவாயாலும் வெகுதூரம் விலகி நின்ற இவ்விரு கூட்டத்தாருக்கும் பொதுவாக இருந்தது சோறு.

அரசின் கணக்கு எளிது. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநர் ஐக்ராய்டு 1937-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணை அப்போது கையில் இருந்தது. 100 கிராம் அரிசியும் 100 கிராம் கோதுமையும் ஏறத்தாழ 350 கலோரி தருவன. புரதத்தில் கோதுமை ஒரு படி மேல். இக்கணக்கின்படி, கோதுமை கையிலிருக்க அரிசி கேட்பவரின் பசி வெறும் பழக்கம். பழமொழியின் உரைகல்லும் அதையே சொல்லும்.

ஆனால் 'ரொட்டி தின்றால் சாப்பிட்டது போலவே இல்லை' என்று தமிழர் இன்றும் சொல்வதை நாவின் அடம் என்று தள்ளிவிட இயலாது. அரிசி வேகும்போது நீரை உறிஞ்சி இரண்டரை மடங்குக்கு மேல் எடை கொள்ளும். அதே எடை மாவு ரொட்டியானால் ஒன்றரை மடங்கைத் தாண்டாது. வெறும் வயிற்றின் சுருக்கங்களும் பசி உணர்வும் ஒரே நேரத்தில் நிகழ்வதை, 1912-இல் கேனனும் வாஷ்பர்னும் ஒரு பலூனை விழுங்கச் செய்து பதிவு செய்தனர். வயிறு கலோரியை மட்டும் எண்ணுவதில்லை, கொள்ளளவையும் உணர்கிறது. மேலும், இரவில் மிஞ்சிய சோறு காலையில் நீராகாரமாகும். ரொட்டிக்கு அந்த மறுபிறவி இல்லை. மாவு அரைக்கும் கூலி, ரொட்டி சுடும் நேரம், விறகு ஆகிய எவையும் சத்து அட்டவணையில் இடம்பெறவில்லை.

பழக்கமும் உடலுக்கு வெளியே நிற்பதன்று. 1884-இல் நாராயண் மேகாஜி லோகாண்டே தலைமையில் பம்பாய் ஆலைத் தொழிலாளர் நண்பகலில் அரைமணி ஓய்வு கேட்டனர். 1891-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அதை வழங்கியது. அதன்பின் ஆலைச் சங்கின் நேரமே பலருக்கும் பசியின் நேரமாயிற்று. 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர் கண்டறிந்த கிரெலின் என்னும் பசி ஹார்மோன், வழக்கமான உணவு வேளைக்குச் சற்றுமுன் இரத்தத்தில் உயர்வதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. சட்டம் வகுத்த நேரம் காலப்போக்கில் உடலின் நேரமாகிவிடுகிறது.

இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். பம்பாயில் பங்கீடு நடந்த அதே காலத்தில், 1944-45-இல், அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் 36 ஆடவரை 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்களுட் சிலர் சமையல் நூல்களைச் சேகரித்தனர். உணவைப் பற்றியே கனவு கண்டனர். மீண்டும் வேண்டிய அளவு உண்ட பிறகும் நிறைவு பெறவில்லை. இன்று 'மனப்பசி' என்று நாம் குறிக்கும் நடத்தையை, உண்மைப் பட்டினியே பிறப்பித்தது.

பங்கீட்டைக் குறை கூறுவது என் நோக்கமன்று. வங்காளத்தில் 15 லட்சம் பேர் மடிந்ததாகப் பஞ்ச விசாரணை ஆணையமே கணித்த காலம் அது. பின்வந்த ஆய்வாளர் சிலர் 30 லட்சம் என்பர். பம்பாயைப் பங்கீடு அத்தகைய பேரழிவிலிருந்து காத்தது. 'உண்மைப் பசி', 'பழக்கப் பசி' என்னும் வேறுபாடே பொய் என்றும் நான் வாதிடவில்லை. உண்டது செரித்தபின், நன்கு பசித்து உண்க என்று குறளின் 'மருந்து' அதிகாரம் சொல்கிறது. தட்டும் நேரமும் தன் வசத்தில் உள்ளவனை நோக்கிய அறிவுரை அது. 1965 போர்க்காலத்தில் லால் பகதூர் சாஸ்திரி வாரம் ஒரு வேளை உணவைத் துறக்க வேண்டியபோது, மாட்டுங்கா எழுத்தர் அதை விரதமாக ஏற்றிருக்க முடியும். ஒரு கட்டிங் சாயும் பீடியும் கொண்டு மதியப் பசியை அடக்கி வேலை செய்யும் தாராவித் தொழிலாளி துறப்பதற்கு எந்த வேளை எஞ்சியிருந்தது?

உணவு வரலாறு பயிலும் மாணவர்கள் இதைக் கருத வேண்டுகிறேன். 'இது பசியன்று, பழக்கம்' என்னும் தொடரை ஓர் ஆவணத்தில் காணும்போது, அது எவருடைய வயிற்றைப் பற்றி எவர் எழுதியது என்பதை முதலில் கேளுங்கள். தன்னைப் பற்றித் தானே சொன்னால் அது தன்னறிவு. அளந்து கொடுக்கும் இடத்தில் இருப்பவர் சொன்னால், அங்கே எவ்வளவு அளந்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.