கோடிக்கரையில் இளவேனில் வலசை: வடக்கே திரும்பும் உள்ளான்கள்

1. களம்

சோழமண்டலக் கரை தெற்கே இறங்கி மேற்கே திரும்பும் முனை கோடிக்கரை. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் பாக் நீரிணை, உள்ளே வேதாரண்யம் சதுப்பும் உப்பளங்களும். 1967-இல் சரணாலயமாகவும் 2002-இல் ராம்சார் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. பறவை பார்க்க வருவோரில் பலர் மார்கழி, தையில் பூநாரையைக் கண்டதோடு திரும்பிவிடுகிறார்கள். வலசையை அறிய வேண்டுமானால் பங்குனி, சித்திரையில் வரவேண்டும்; வருகையைவிடப் புறப்பாடே அதிகம் சொல்லும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. இறகும் கொழுப்பும்

வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்வோம். தையில் மேலே சாம்பல், கீழே வெள்ளை; கூட்டத்தில் தனித்துத் தெரியாது. பங்குனியில் மார்பில் செங்கல் நிறத் திட்டுகள் தோன்றும். சித்திரையில் முகம் முதல் வயிறு வரை அந்நிறம் பரவும். ஆணிடம் அடர்ந்தும் பெண்ணிடம் சற்று வெளிறியும் இருக்கும். சைபீரியத் துருவ வெளியில் இணை தேடுவதற்கான இறகு இங்கேயே முளைத்துவிடுகிறது.

நிறத்தைவிட நுட்பமான அடையாளம் வயிறு. பக்கவாட்டில் நிற்கும் பறவையின் கால்களுக்கும் வாலடிக்கும் இடைப்பட்ட பகுதியைத் தொலைநோக்கியில் பாருங்கள். அது உப்பியிருந்தால் கொழுப்பு சேர்ந்துவிட்டது, பயணம் நெருங்கிவிட்டது. நெடும்பறப்புக்கு முன் கரைப்பறவைகளின் எடை பாதிக்கு மேல் கூடுவதுண்டு. பறவையைப் பிடிக்காமலே கிடைக்கும் இத்தகவலைப் பலரும் குறித்துக்கொள்ளாதது பெரிய இழப்பு.

3. சேறும் நீரும்

அந்தக் கொழுப்பு சேற்றுப் புழுக்களிலிருந்தும் பூச்சிகளின் இளம்புழுக்களிலிருந்தும் வருகிறது. ஏறத்தாழ 25 கிராம் எடையுள்ள கொசு உள்ளானுக்குக் கணுக்கால் நனையும் நீர் போதும். கால் உயரத்தைத் தாண்டினால் அங்கே மேய முடியாது. முற்றிலும் காய்ந்தாலும் இரை கிடைக்காது. ஆகவே வற்றிவரும் நீரின் விளிம்பில்தான் கூட்டம் திரளும்.

4. புறப்பாடு

பிற்பகல் சாயும்போது கவனிக்க வேண்டும். மேய்ச்சல் நின்று குரல் மிகும். ஒரு குழு எழுந்து, வட்டமிட்டு, உயர்ந்து, வரிசை கட்டும். சில பறவைகள் பிரிந்து இறங்கிவிடும். மற்றவை வடக்கே போகும்.

வைகாசி, ஆனியிலும் இங்கு நிற்கும் சாம்பல் நிற உள்ளான்களை நோயுற்றவை என்று எண்ண வேண்டாம். அவற்றுள் பெரும்பாலானவை இனப்பெருக்க வயதை எட்டாத இளம்பறவைகள்.

5. வேண்டுகோள்

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் நடக்கிறது. அதோடு பங்குனி, சித்திரையிலும் எண்ணிக்கை, இறகு நிலை, வயிற்றுப் புடைப்பு, நீர்மட்டம் ஆகியவற்றை ஆண்டுதோறும் பதிவுசெய்ய வேண்டும். காலில் வளையமோ வண்ணக்கொடியோ கண்டால், நிறம், எழுத்து, எந்தக் கால் என்பதைக் குறித்து மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவியுங்கள்.